பல முகக் கடவுள்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்ற அமெரிக்க எழுத்தாளர் படைத்த கற்பனை உலகில் மரணத்துக்கென்று ஒரு தெய்வம் உண்டு. அந்தத் தெய்வத்தின் பெயர் பல முகக் கடவுள். பிராவோஸ் என்னும் துறைமுக நகரத்தில் அவருக்கு ஒரு கோயில் இருக்கிறது. கோயிலுக்குள் முப்பது சிலைகள் இருந்தாலும், அவற்றில் எதுவும் அவருக்கே உரிய உருவம் இல்லை. அவர் பிறந்த கதை, மணந்த கதை, போரிட்ட கதை என்று எந்தப் புராணமும் சொல்லப்படுவதில்லை. பூசை நேரமும் திருவிழாவும் பாட்டும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் யாராவது அந்தக் கோயிலின் படியேறுகிறார்கள். அவர்களில் சிலர் திரும்பி இறங்குவதில்லை.

இந்தத் தெய்வம் இடம்பெறுவது 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்ற நாவல் வரிசையில். முதல் நாவல் 1996-ல் வெளிவந்தது. இதுவரை வந்தவை ஐந்து. 2011 முதல் 2019 வரை எட்டு சீசன்களாக ஓடிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் இதே கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. டிராகன்கள், அரியணைப் போட்டி, படுகொலை என்றே இந்தக் கதை பலருக்கும் நினைவிருக்கும். மார்ட்டின் அதே அக்கறையோடு கட்டியெழுப்பியவை அதிலுள்ள மதங்கள். எழுவரை வணங்கும் மதம், மரங்களில் முகம் செதுக்கி வழிபடும் பழைய மதம், நெருப்பை வணங்கும் செந்தெய்வ மதம், கடலுக்கடியில் வாழும் மூழ்கிய கடவுளின் மதம் என்று அங்கே பல உண்டு. பல முகக் கடவுளின் மதம் இவை எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்கிவிடுகிறது.

அந்த மதத்தின் கோட்பாடு மிக எளிது. ஒவ்வொரு மக்கள் கூட்டமும் மரணத்துக்கு ஒரு பெயரும் முகமும் கொடுத்திருக்கிறது. கோஹோர் நகரத்தார் அதைக் கரிய ஆடு என்கிறார்கள். கிழக்கே யி டி நாட்டில் அது இரவின் சிங்கம். வெஸ்டரோஸ் கண்டத்து மக்களுக்கு அது அந்நியன். பெயர்கள் வேறானாலும் ஆள் ஒருவரே என்பதுதான் பிராவோஸ் குருமார்களின் போதனை. ஒருவர் எந்தச் சாமியைக் கும்பிட்டு வளர்ந்தாலும் கடைசியில் தலைவணங்கப் போவது இவருக்குத்தான் என்பதால், மதம் மாறும்படி இவர்கள் யாரையும் அழைப்பதில்லை. அழைக்க வேண்டிய தேவையும் இல்லை.

நிஜ உலக வரலாற்றில் இதற்கு ஒரு சாயல் உண்டு. பண்டைய கிரேக்கரும் ரோமானியரும் அயல் தெய்வங்களைத் தங்கள் தெய்வங்களின் வேறு பெயர்களாகவே பார்த்தார்கள். எகிப்தின் அனுபிஸும் கிரேக்கரின் ஹெர்மிஸும் இறந்தவர்களை வழிநடத்துகிறவர்கள் என்பதால், இருவரையும் இணைத்து ஹெர்மனுபிஸ் என்று ஒரே தெய்வமாக வழிபட்ட காலம் இருந்தது. அங்கே அதைச் செய்தவர்கள் ஆட்சியாளர்கள், பயணிகள், வணிகர்கள். மார்ட்டின் தம் கதையில் அந்த வேலையை அடிமைகளிடம் ஒப்படைத்தார். இந்த மதத்தின் குணம் முழுவதும் அந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகிறது.

பழைய வலேரியப் பேரரசு டிராகன்களை வைத்து உலகின் பெரும்பகுதியை ஆண்டது. அதன் தலைநிலத்தில் பதினான்கு சுடர்கள் என்று பெயர் பெற்ற எரிமலைத் தொடர் இருந்தது. அந்த மலைகளின் அடிவயிற்றில் சுரங்கங்கள். பிடித்து வரப்பட்ட அடிமைகள் அங்கே பொன்னும் வெள்ளியும் வெட்டினார்கள். கீழே போகப் போகப் பாறை சுட்டது, காற்று நாறியது, கால் புண்ணானது. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஆதலால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஒவ்வொருவரும் இருட்டில் தம்தம் மொழியில் தம்தம் தெய்வத்தை வேண்டிக்கொண்டார்கள்.

அந்தச் சுரங்கங்களில் ஒருவன் எல்லா வேண்டுதல்களையும் காதில் வாங்கினான். அவன் யார் என்பதில் கதைகள் ஒத்துப்போவதில்லை. சிலர் அவனே ஓர் அடிமை என்கிறார்கள். சிலர் உயர்குடியில் பிறந்தவன் என்கிறார்கள். அடிமைகளின் மேல் இரக்கப்பட்ட கண்காணி என்றும் ஒரு கதை உண்டு. கேட்டுக்கேட்டு அவனுக்கு ஒன்று விளங்கியது. நூறு தெய்வங்களிடம் நூறு மொழிகளில் இவர்கள் கேட்பது ஒன்றேதான்: இந்த வேதனை முடிய வேண்டும். அப்படியானால் கேட்கிற தெய்வமும் ஒன்றுதான், தான் அந்தத் தெய்வத்தின் கருவி என்று அவன் முடிவுக்கு வந்தான். அன்றிரவே, எல்லோரிலும் அதிகம் துன்புற்று அதிகம் மன்றாடிய ஓர் அடிமையைத் தேர்ந்து கொன்றான். முதல் 'கொடை' அப்படித்தான் வழங்கப்பட்டது. இந்த மதத்தில் மரணத்துக்குக் கொடை என்றே பெயர்.

கோயிலில் இந்தக் கதையைக் கேட்கும் ஆர்யா என்ற சிறுமி உடனே மடக்குகிறாள். அடிமையை ஏன் கொல்ல வேண்டும், எசமானர்களை அல்லவா கொன்றிருக்க வேண்டும் என்பது அவள் கேள்வி. அவர்களுக்கும் கொடை போய்ச் சேர்ந்தது என்று குரு பதில் சொல்கிறார். அதற்குமேல் விரிக்க மறுக்கிறார். வலேரியப் பேரரசு ஒரே நாளில் எரிமலைகள் வெடித்து அழிந்துபோனதாகக் கதையில் வருவதால், அந்த அழிவுக்கும் இந்தக் குழுவுக்கும் தொடர்பு இருக்குமோ என்று வாசகர்கள் நெடுங்காலமாக ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வலேரியாவில் வேர்விட்ட மதம் பிராவோஸில் பூத்தது. இந்த நகரத்தைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் கலகம் செய்து தப்பியவர்கள், டிராகன்களின் கண்ணில் படாத வடக்கு மூலையில், பனிமூட்டம் மூடிய காயலில் ஒளிந்து கட்டிய நகரம் அது. யாரும் யாருக்கும் அடிமையாக இருக்கக் கூடாது என்பது பிராவோஸின் முதல் சட்டம். தப்பி வந்தவர்கள் பல இனத்தவர் என்பதால் எல்லாச் சாமிகளுக்கும் அங்கே இடம் கொடுக்கப்பட்டது. கால்வாய்களும் தீவுகளும் வங்கியும் கப்பல் கட்டும் தளமுமாக வெனிஸை நினைவுபடுத்தும் நகரம். அதன் துறைமுக வாயிலில் இரண்டு பாறைகளில் கால் ஊன்றி நிற்கும் ராட்சதச் சிலை பழைய ரோட்ஸ் தீவின் சிலையை நினைவுபடுத்துகிறது.

கோயிலுக்குக் கறுப்பு வெள்ளை இல்லம் என்று பெயர். பாறைக் குன்றின் மேல், சாம்பல் நிறக் கல்லில், சன்னல் ஒன்றுகூட இல்லாமல் கட்டப்பட்ட கட்டடம் அது. கூரை கறுப்பு ஓடு. வாசலில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு இரட்டைக் கதவு. ஒரு கதவு எலும்பு போல வெளிறிய வீர்வுட் மரம், மற்றது பளபளக்கும் கருங்காலி. நடுவில் நிலவின் முகம் செதுக்கியிருக்கிறது. வெள்ளைக் கதவில் நிலவின் பாதி கருங்காலியிலும், கறுப்புக் கதவில் மறுபாதி வெள்ளை மரத்திலும் இழைக்கப்பட்டிருக்கிறது. குருமார்களின் அங்கியும் இதே கணக்குதான், பாதி கறுப்பு பாதி வெள்ளை.

உள்ளே இருட்டு. கண் பழகியதும் சுவரோரமாக நிற்கும் தெய்வங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். அழும் பெண், இரவின் சிங்கம், முக்காடிட்ட வழிப்போக்கன், வெளிறிய குழந்தையான பக்கலோன், நிலவு வெளுப்புக் கன்னி, கடல் அரசன் என்று உலகின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்த மரண தெய்வங்கள் அங்கே இருக்கின்றன. காலடியில் மெழுகுவர்த்திகள். எந்தத் தெய்வத்தின் முன் எத்தனை வர்த்தி எரிகிறது என்று பார்த்தாலே நகரத்தின் சமூகவியல் புரிந்துவிடும். அழும் பெண்ணிடம் கிழவிகள் போகிறார்கள். பணக்காரர்களுக்கு இரவின் சிங்கம், ஏழைகளுக்கு வழிப்போக்கன். படைவீரர்கள் வெளிறிய குழந்தைக்கும், மாலுமிகள் நிலவுக் கன்னிக்கும் கடல் அரசனுக்கும் ஏற்றுகிறார்கள். வெஸ்டரோஸின் அந்நியனுக்கும் ஒரு மாடம் உண்டு. அங்கே பெரும்பாலும் ஒற்றை வர்த்திதான் எரியும். அதனால் ஒன்றும் குறைவில்லை என்பது குருவின் கருத்து. தெய்வத்துக்கு முகங்கள் பல, கேட்கும் செவிகளும் பல.

நடுவில் பத்தடி அகலத்தில் ஒரு குளம். மங்கிய செந்நிற வெளிச்சத்தில் தண்ணீர் மை போலத் தெரியும். இந்த வழிபாட்டின் உயிர் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. வருகிறவர் பெரும்பாலும் தனியாகவே வருவார். தமக்குப் பழக்கமான தெய்வத்தின் முன் வர்த்தி ஏற்றுவார். குளக்கரையில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வார், சில வேளை அழுவார். பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். வருகிறவர்களில் பலரும் இப்படித்தான். குருவைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர் எப்போதாவது ஒருவர் இருப்பார். அவரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போவார்கள்.

திரும்பிப் போக மனமில்லாதவர்களுக்கு ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் குளத்து நீரை மொண்டு குடித்துவிட்டு, சுவரில் குடைந்த மாடங்களில் உள்ள கல் படுக்கையில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். நீரில் நஞ்சு கலந்திருக்கிறது. வலி இருக்காது, தூக்கம் வரும், அவ்வளவுதான். யாரும் அவர்களிடம் காரணம் கேட்பதில்லை. தடுப்பாரும் இல்லை, தூண்டுவாரும் இல்லை. கோயில் வர்த்திகளின் வாசம் ஆர்யாவுக்கு முதல்முறை எட்டும்போது பனியும் பைன் மர இலையும் சுடச்சுடக் குழம்பும் மணக்கின்றன. அவள் இழந்த வீட்டின் மணங்கள் அவை. கிண்ணத்தை எடுத்தவருக்குக் கடைசியாகக் கிடைப்பது அப்படி ஒரு மணம் என்று மார்ட்டின் எழுதும் இடம், இந்த நாவல்களிலேயே மென்மையான இடங்களில் ஒன்று.

காலையில் வேலை தொடங்குகிறது. மாடங்களில் கிடப்பவர்களைத் தேடி எடுத்துக் கீழே கொண்டுபோகிறார்கள். உடைகளைக் களைந்து, உடலைக் கழுவித் துடைக்கிறார்கள். இடுப்புப் பையில் இருந்த காசை எண்ணி எடுத்துவைக்கிறார்கள். துணிமணி ஒரு பக்கம், நகை நட்டு ஒரு பக்கம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் தரப்படும் ஊழியம் இதுதான். சமையற்கட்டில் உம்மா என்ற பெண்ணுக்கு எடுபிடி வேலை, தரை கழுவுதல், குருமார்களுக்குப் பரிமாறுதல், அதோடு பிணம் கழுவுதல். அங்கே இந்த வேலைகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு பார்ப்பதில்லை. பிணத்தைத் தொடுவது தீட்டு என்ற எண்ணமே அந்தக் கோயிலில் கிடையாது. இறந்தவர் தம் வேண்டுதல் பலித்தவர், அவ்வளவே.

இறந்தவரிடமிருந்து கோயில் இன்னொன்றையும் எடுத்துக்கொள்கிறது. அது முகம். கீழ்த்தளங்களில் மிக ஆழமானதும் புனிதமானதுமான அறையில், சுவர் முழுக்க உரித்துப் பதப்படுத்திய முகங்கள் தொங்குகின்றன. ஆணும் பெண்ணும் கிழமும் குழந்தையுமாக ஏராளம். குருமார்கள் தேவைப்படும்போது அவற்றில் ஒன்றை அணிந்துகொண்டு ஊருக்குள் போகிறார்கள். முகமற்றோர் என்ற பெயர் அவர்களுக்கு இதனால் வந்தது. ஆர்யாவுக்கு ஒரு முகத்தைப் பொருத்தும்போது, முகத்துக்கு உரியவளை அவளுடைய தந்தை அடித்த அடியின் நினைவும் திகிலும் கூடவே வருகின்றன. முகத்தை எடுத்தவர் அதைச் சுமந்தவரின் துயரத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும் போலும்.

முகமற்றவராவது எளிதல்ல. ஆர்யா ஸ்டார்க் ஓர் உயர்குடிப் பெண். தந்தையின் தலை வெட்டப்பட்டபின் தெருவில் அலைந்து, கொல்ல வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை இரவுதோறும் மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டு தூங்கியவள். அவளுக்கு இந்தக் கோயிலின் அறிமுகம் கிடைப்பதே ஒரு கணக்கு வழக்கில்தான். எரியும் வண்டியில் சிக்கிய மூன்று கைதிகளை அவள் காப்பாற்றுகிறாள். அவர்களில் ஒருவனான ஜாக்கன் ஹகார், நெருப்புத் தெய்வத்திடமிருந்து மூன்று உயிர்களை அவள் பறித்துவிட்டதால் மூன்று உயிர்களைத் திருப்பித் தர வேண்டும் என்கிறான். யார் யார் என்று அவளே பெயர் சொல்லலாம். கடனை அடைத்துவிட்டுப் போகும்போது முகத்தை மாற்றிக்காட்டி, ஓர் இரும்புக் காசைக் கையில் திணிக்கிறான். அதில் தேய்ந்துபோன ஒரு தலை பொறித்திருக்கிறது, கண் மூக்கு தெரியாது. அந்தக் காசையும் இரண்டு வலேரியச் சொற்களையும் எந்த பிராவோஸ்காரனிடம் நீட்டினாலும் வழி கிடைக்கும். பிறந்த எல்லோரும் இறந்தாக வேண்டும் என்பது அந்தச் சொற்களின் பொருள். கேட்டவர், எல்லோரும் ஊழியம் செய்தாக வேண்டும் என்று பதில் சொல்ல வேண்டும். ஊரில் வணக்கம் சொல்வதுபோல அது புழங்குகிறது.

கோயிலின் மூத்த குருவுக்குக் கதையில் பெயர் இல்லை. 'கனிவானவர்' என்றே குறிக்கப்படுகிறார். ஆர்யா வந்த அன்று முக்காட்டை விலக்கி, அழுகிய மண்டையோட்டையும் கண்குழியில் நெளியும் புழுவையும் காட்டுகிறார். அவள் பயப்படாமல் புழுவையே தின்னப் போகும்போது அந்தக் காட்சி கரைந்து, சாந்தமான ஒரு கிழவரின் முகம் தெரிகிறது. அதன்பின் அவர் அவளை ஒருபோதும் மிரட்டுவதில்லை. போய்விடலாம், நல்ல வேலையில் சேர்த்துவிடுகிறோம், விரும்பினால் மணமுடித்துக்கொள்ளலாம் என்று வழிகளைத்தான் அடுக்குகிறார். இருக்க வேண்டுமானால் மட்டும் ஒரு நிபந்தனை: ஆர்யா என்று ஒருத்தி இருக்கக் கூடாது. நீ யார் என்று தினமும் கேட்பார். யாருமில்லை என்று அவள் சொல்வாள். பொய் என்று அவர் சொல்லிவிட்டுப் போவார்.

பாடம் நடத்துகிறவள் 'நாதியற்றவள்' என்று அழைக்கப்படும் ஒரு சிறுமி. பார்வைக்குத்தான் சிறுமி. நஞ்சு உடலில் ஏறியதால் வளர்ச்சி நின்றுபோன அவளுக்கு வயது முப்பத்தாறு. மொழியும் நஞ்சு வகைகளும் பொய் பிடிக்கும் கலையும் அவளிடமிருந்து கிடைக்கின்றன. பிறகு ஆர்யாவுக்கு வேறொரு பெயரும் பிழைப்பும் கொடுத்து ஊருக்குள் அனுப்புகிறார்கள். கால்வாய்க் கரைகளில் தள்ளுவண்டியில் மட்டியும் சிப்பியும் விற்கும் பெண்ணாக அவள் திரிகிறாள். நிலவில்லாத இரவுகளில் கோயிலுக்குத் திரும்பி, போனமுறைக்குப் பிறகு தெரிந்துகொண்ட மூன்று புதிய செய்திகளைச் சொல்ல வேண்டும். உளவுப் பயிற்சியும் துறவுப் பயிற்சியும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

இந்த மதத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. பெரும்பாலோர் முகமற்றோரைக் கேள்விப்பட்டிருப்பது அந்தப் பக்கத்தால்தான். தமக்காக வேண்டுகிறவர்களைப் போலவே, பிறருடைய மரணத்தை வேண்டுகிறவர்களும் அந்தக் கோயிலுக்கு வருகிறார்கள். அவர்களைத்தான் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே விலை பேசப்படுகிறது. வெஸ்டரோஸின் அரசவையில் ஒருமுறை இவர்களை அமர்த்தும் பேச்சு எழும்போது, ஒரு சாதாரண வணிகனைக் கொல்லவே ஒரு படைக்கு ஆகும் செலவைப் போல இரண்டு மடங்கு ஆகும், இளவரசி என்றால் கேட்கவே வேண்டாம் என்று அங்கிருக்கும் ஒருவர் கையை விரிக்கிறார். ஆனால் விலை எப்போதும் பணம் மட்டுமல்ல. கேட்பவருக்கு உயிருக்கு உயிரானது எதுவோ அதைக் கோயில் கேட்கும். நாதியற்றவளின் கதை அப்படிப்பட்டது. மாற்றாந்தாய் அவளுக்கு நஞ்சு வைத்தாள். செல்வந்தரான தந்தை கோயிலுக்கு வந்து வேண்டினார். சொத்தில் மூன்றில் இரண்டு பங்கும், பிழைத்துக்கிடந்த மகளும் காணிக்கையாயின. மாற்றாந்தாய்க்குக் கொடை போய்ச் சேர்ந்தது.

யார் கையால் யாருக்குக் கொடை என்பதைக் குருமார்கள் கூடி முடிவு செய்கிறார்கள். ஆர்யா பரிமாறிக்கொண்டே ஒட்டுக்கேட்கும் அந்தக் கூட்டத்தில், ஒரு பெயர் சொல்லப்பட்டதும் ஒரு குரு, அந்த ஆளைத் தனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறார். உடனே பணி வேறொருவருக்குப் போகிறது. தெரிந்தவரைக் கொல்லக் கூடாது. பகையும் பழியும் கையில் ஒட்டிவிட்டால் அது ஊழியமாகாது, கொலையாகிவிடும். இந்த ஒரு விதிதான் தங்களைக் கூலிக்கொலையாளிகளிடமிருந்து பிரிக்கிறது என்று குருமார்கள் நம்புகிறார்கள்.

அந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பது ஆர்யாவுக்குத் தரப்படும் முதல் பணியில் தெரிகிறது. துறைமுகத்தில் ஒரு கிழவர் கப்பல்களுக்குக் காப்பீடு எழுதுகிறார். (நிஜ உலகிலும் கடல் காப்பீடு இத்தாலியத் துறைமுகங்களின் பிள்ளைதான். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஒப்பந்தங்களில் ஒன்று 1347-ல் ஜெனோவாவில் எழுதப்பட்டது.) கப்பல் திரும்பினால் கட்டணம் கிழவருக்கு. மூழ்கினால் நட்டத்தை அவர் தர வேண்டும். தராமல் யாரையோ கைவிட்டிருப்பார் என்று ஆர்யா யூகிக்கிறாள். நாள்கணக்கில் அவரைக் கவனித்துவிட்டு, கெட்ட மனிதர், சாக வேண்டியவர்தான் என்று வந்து சொல்கிறாள். குரு அதைக் கண்டிக்கிறார். நல்லவர் கெட்டவர் என்று நிறுப்பது அவள் வேலையல்ல. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது அவர் எப்போது வருவார், எதைத் தொடுவார், எதை உண்பார் என்பது மட்டும்.

கிழவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வாங்கும் காசு ஒவ்வொன்றையும் பல்லால் கடித்துப் பார்ப்பார். ஆர்யா அவரை நெருங்கவே இல்லை. அவரிடம் பணம் கட்டப் போகும் ஒரு கப்பல் தலைவனின் பையைக் கிழித்து, நஞ்சு தடவிய காசு ஒன்றை உள்ளே சேர்த்துவிடுகிறாள். சற்று நேரத்தில் கிழவரின் நெஞ்சு நின்றுபோகிறது. சுற்றியிருந்தவர்களுக்கு அது வயதான ஒருவரின் இயல்பான சாவு.

நம்முடைய எமனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எமனுக்குத் தருமராசன் என்று பெயர். பக்கத்தில் சித்திரகுப்தன் பேரேட்டோடு உட்கார்ந்திருப்பான். பாவ புண்ணியக் கணக்கு இல்லாமல் அந்தச் சபை நடக்காது. பிராவோஸின் தெய்வத்துக்கு ஏடுமில்லை, தராசுமில்லை. நரகம் பற்றியோ சொர்க்கம் பற்றியோ குருமார்கள் வாய் திறப்பதில்லை. சுரங்கத்து அடிமைக்குத் தேவைப்பட்டது தீர்ப்பு அல்ல, முடிவு. அவன் கண்ட தெய்வம் நீதிபதியாக இல்லாததில் வியப்பில்லை.

ஆனால் அந்த அடிமை கேட்டுப் பெற்றான். காப்பீட்டுக் கிழவர் கேட்கவில்லை. துன்பத்திலிருந்து விடுதலை என்று தொடங்கியது எந்த இடத்தில் விலைக்கு விற்கும் சாவாக மாறியது என்பதற்குக் கோயிலில் யாரிடமும் நேரான விளக்கம் இல்லை. எல்லோரும் ஒருநாள் சாகப் போகிறவர்கள்தான் என்ற பதில் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது. மார்ட்டின் இந்த ஓட்டையைத் தெரிந்தேதான் விட்டுவைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. கத்தோலிக்கராக வளர்ந்து அந்த நம்பிக்கையிலிருந்து விலகிய அவர், தம் கதையின் எந்த மதத்தையும் முழுப் பொய்யாகவும் காட்டுவதில்லை, முழு உண்மையாகவும் காட்டுவதில்லை.

ஓட்டையின் வழியாக ஆர்யா எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வடக்கெல்லைக் காவல்படையின் உறுதிமொழியை மீறி பிராவோஸில் பாடிப் பிழைக்கும் டேரியன் என்பவனை அவள் தானாகவே கொன்றுவிடுகிறாள். யாரும் வேண்டவில்லை, கோயில் அனுப்பவில்லை. உறுதிமொழியை மீறுகிறவனுக்குத் தலை போகும் என்று தந்தையின் ஊரில் கற்ற சட்டத்தை அவள் நிறைவேற்றினாள். அதை அவளே ஒப்புக்கொண்ட இரவில் அவளுக்கு ஒரு குவளைப் பால் தரப்படுகிறது. மறுநாள் விழிக்கும்போது பார்வை இல்லை. குருட்டுப் பிச்சைக்காரியாகக் காதையும் மூக்கையும் மட்டும் நம்பி நகரத்தில் திரிந்தபிறகே பார்வை திரும்பக் கிடைக்கிறது.

கோயிலில் சேரும்போது தன்னுடைய உடைமைகள் எல்லாவற்றையும் அவள் தண்ணீரில் எறிந்தாள். ஒன்றை மட்டும் எறிய முடியவில்லை. அண்ணன் கொடுத்த சிறிய வாளைக் கோயில் படிக்கல் ஒன்றின் அடியில் ஒளித்துவைத்தாள்.

தொலைக்காட்சித் தொடர் இந்தப் பகுதியை ஐந்தாம், ஆறாம் சீசன்களில் எடுத்துக்கொண்டது. பிராவோஸ் காட்சிகளில் பல குரோஷியாவின் ஷிபெனிக் நகரத்தில் படமாயின. நாவலின் பெயரற்ற குரு தொடரில் ஜாக்கனின் முகத்தோடே வருகிறார். ஜெர்மானிய நடிகர் டாம் விலாஷிஹா அந்தப் பாத்திரத்தில் நடித்தார். சுவரில் தொங்கிய முகங்கள் வானளாவிய தூண்களில் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டு, கண்ணுக்கு விருந்தாயின. இழப்பும் உண்டு. தனியாக வந்து வர்த்தி ஏற்றி அழுதுவிட்டுப் போகும் சாதாரண மக்களுக்குத் தொடரில் அதிக இடமில்லை. அதனால் கோயில் ஒரு கொலைப் பள்ளியாகவே பார்ப்பவர் மனதில் தங்கிவிட்டது.

தொடரில் ஆர்யாவுக்குக் கடைசியாகத் தரப்படும் பெயர் ஒரு நாடக நடிகையுடையது. நல்ல பெண் என்று தெரிந்ததும் அவள் நஞ்சிட்ட மதுவைத் தட்டிவிடுகிறாள். நிறுக்கக் கூடாது என்ற விதியை இம்முறை கருணையின் பக்கம் மீறுகிறாள். ஆர்யாவைக் கொல்ல வந்த நாதியற்றவளின் முகமே கடைசியில் கோயில் தூணில் ஏறுகிறது. தன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு ஆர்யா ஊருக்குக் கிளம்புகிறாள். 2016-ல் ஒளிபரப்பான அந்தப் பகுதியோடு பல முகக் கடவுளின் கோயில் தொடரிலிருந்து விடைபெற்றது.

நாவல் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. ஐந்தாம் நாவல் 2011-ல் வந்தது. ஆறாவதாக அறிவிக்கப்பட்ட 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை மார்ட்டின் 2014-ல் முன்னோட்டமாக வெளியிட்டார். அதில் ஆர்யா ஒரு நாடகக் குழுவில் மெர்சி என்ற பெயரோடு வாழ்கிறாள். வெஸ்டரோஸிலிருந்து வந்த தூதுக்குழுவின் காவலர்களில் ஒருவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். பழைய பட்டியலில் உள்ள பெயர் அது. கோயிலின் அனுமதி இல்லாமல், அவனை அழைத்துப்போய்க் கொன்று கால்வாயில் தள்ளிவிட்டு, நாடகத்தில் தன் முறை வந்துவிடுமே என்று ஓட்டமாக அரங்குக்குத் திரும்புகிறாள்.